மகளுக்கு எந்தப் பாடசாலை?



ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் கிழமையில் நமது கோவிற்பற்றில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் பலகாரஞ் சுட்டு அயலுக்குக் கொடுப்பார்கள். மற்ற வீட்டில் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் வயது பத்துத்தான் என்பதை அந்தக் கிழமை முழுவதும் எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

பலகாரஞ் சுட்ட வீட்டிலிருந்து சில நாட்களில் ஒரு கேள்வி பங்குமனைக்கு வந்து சேரும். பிள்ளை ஆணாயின், "சுவாமி, பட்டணத்தில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?" என்று கேட்பார்கள். பெண்ணாயின், "சுவாமி, பிள்ளையைப் பட்டணத்துக்கு விடலாமோ?" என்று கேட்பார்கள். ஒரே புள்ளி, ஒரே பஸ், ஒரே பண்ணைப் பாலம்; கேள்வி மாத்திரம் இரண்டாகிவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்வியை இன்று நாம் ஆற அமர இருந்து ஆராய்வோம். விடலாம் என்றோ விடலாகாது என்றோ ஒரே சொல்லில் தீர்க்கத்தக்க கேள்வி அன்று இது.

முதலில் இந்தப் பரீட்சை எதற்காக உண்டாயிற்று என்று அறிவது நல்லது. 1940ஆம் ஆண்டுகளில் கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில் நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தகப்பனுக்குக் காசில்லை என்ற காரணத்தால் கெட்டிக்காரப் பிள்ளை வயலிலும் கடலிலும் நின்றுவிடலாகாது என்பதே அன்றைய எண்ணம். ஆகையால் அப்பிள்ளைகளைப் பரீட்சையால் தெரிந்தெடுத்து, மத்திய பாடசாலையின் விடுதியிலேயே தங்கவைத்து, உணவுங் கொடுத்துப் படிப்பித்தார்கள். அக்காலத்தில் புலமைப்பரிசில் என்றால் ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சோறும் என்று பொருள். இன்று குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்கிறது. அது எந்த விடுதிச் செலவுக்குங் கிட்டவும் வராது. கட்டில் போய்விட்டது, பெயரும் போட்டியும் நிலைத்துவிட்டன. தீவுப்பகுதிப் பிள்ளைக்கு இது பெரிய வேறுபாடு. அன்று அரசாங்கம் தாங்கிய பாரத்தை இன்று அந்தப் பிள்ளையின் உடம்பும் உங்கள் மடியும் தாங்க வேண்டியிருக்கின்றன.

போட்டி எவ்வளவு பெரிது என்பதையுஞ் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2023ஆம் ஆண்டில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மூன்று வினாக்களுக்குரிய புள்ளிகள் எழுதிய பிள்ளைகள் எல்லாருக்கும் வழங்கப்பட்டன. பத்து வயதுப் பிள்ளையின் வினாத்தாள் நீதிமன்றப் படியேறுகிறதென்றால், அந்தப் பரீட்சையை எழுதுகிறவர்கள் பிள்ளைகளா பெற்றோரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே பலர் மயங்குகிற ஓரிடம் உண்டு. வெட்டுப்புள்ளி என்பது ஒன்றன்று, இரண்டு. மாவட்டத்துக்கும் போதனாமொழிக்கும் ஏற்ப விதிக்கப்படுவது ஒன்று; அதைத் தாண்டிய பிள்ளை சித்தியடைந்தவள், வீட்டு வருமானம் குறைவாயின் நிதியுதவிக்கும் உரியவள். மற்றது, பெயர்பெற்ற பாடசாலைகளின் ஆறாந் தரத்துக்கு அந்தந்தப் பாடசாலையின் வெற்றிடங்களையும் விண்ணப்பித்தோரின் புள்ளிகளையும் வைத்துத் தீர்மானமாவது. முதலாவதைத் தாண்டிய பிள்ளை இரண்டாவதைத் தாண்டாமற் போகலாம். அதனால் அவள் தோற்றவளாக மாட்டாள். நிதியுதவி வேறு, பாடசாலை மாற்றம் வேறு. முன்னதைப் பெற்றுக்கொண்டு பின்னதை வேண்டாமென்று விடவுங் கூடும். சித்தியடைந்த பிள்ளை பட்டணத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி நமது கேள்விக்கு வருவோம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் என்னும் வேதபாரகர் விவேகம் என்ற புண்ணியத்தை ஆராயுமிடத்து அதற்கு மூன்று செயல்கள் உண்டு என்று காட்டுகிறார்: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், தீர்ந்ததைச் செய்ய ஏவுதல். நம்மவர்களுக்கு மூன்றாவது செயலில் குறைவில்லை. முதலாவதற்குத்தான் பொறுமை போதாது. அவரே இன்னொன்றுஞ் சொல்கிறார். தன்னில் நல்லதாயிருக்கும் ஒரு காரியம் சூழ்நிலையால் பொருந்தாததாகிவிடலாம். ஆகையால் சுற்றுமுற்றும் நோக்குதலும் விவேகத்தின் ஒரு கூறு. நல்ல பாடசாலை என்பது தன்னில் நல்ல காரியம். என் மகளுக்கு, என் வீட்டிலிருந்து, இந்த ஆண்டில் அது நல்லதா என்பதே கேள்வி.

ஒரு சங்கதியை எடுத்துக்கொள்வோம். இது எவருடைய வீட்டையுங் குறிப்பதன்று. பல வீடுகளைச் சேர்த்து நான் கட்டியது. உங்கள் வீடு போலத் தோன்றினால் என்னைக் கோபிக்க வேண்டாம்.

தகப்பன் கடற்றொழிலாளி. தாய் வீட்டிலே. மூத்த பெண் நல்ல புள்ளி பெற்றுப் பட்டணத்துப் பெரிய மகளிர் பாடசாலையில் இடம் பெறுகிறாள். பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்கும். ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி கடந்து பஸ் பட்டணம் சேர ஒரு மணித்தியாலமாவது ஆகும். ஆகவே 6 மணிக்கு முன்னே தெருவில் நிற்க வேண்டும், 4.30க்கு எழும்ப வேண்டும். 1.30க்குப் பாடசாலை விட்டால் உடனே வீடு திரும்புவதில்லை. மற்றப் பிள்ளைகள் போவதால் இவளும் ரியூசனுக்குப் போவாள். வீடு வந்து சேர 6 மணி, 6.30 மணி. அதன்பின் குளிப்பு, செபம், சாப்பாடு, வீட்டுவேலைக் கொப்பி. படுக்கும்போது இரவு 10 மணி. கூட்டிப் பாருங்கள்: ஆறரை மணித்தியால உறக்கம். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது உறக்கம் வேண்டும் என்பது வைத்தியர்களின் சொல். அவள் பஸ்ஸில் தூங்குவாள், வகுப்பிலுந் தூங்குவாள். நல்ல ஆசிரியையின் நல்ல பாடம் தூங்குகிற பிள்ளையின் காதில் ஏறாது.

கோபுரங் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நமதாண்டவர் லூக்காஸ் சுவிசேஷத்தில் சொன்ன உவமையைக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே செலவு காசு மாத்திரமன்று. ஒரு கடதாசியை எடுத்து மகளின் ஒரு நாளை, எழும்பும் மணி முதல் படுக்கும் மணி வரை, தாயுந் தகப்பனுமாக எழுதிப் பாருங்கள். சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிட வேண்டாம். விளையாட ஒரு மணித்தியாலம் எங்கே இருக்கிறது, தம்பியோடு சண்டை பிடிக்க அரை மணித்தியாலம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். (ஞானோபதேச வகுப்பின் வாங்குகள் ஞாயிறு காலையில் எதனால் வெறுமையாயிருக்கின்றன என்பதும் இந்தக் கடதாசியிலே தெரியவரும். அதைப் பற்றி வேறொரு கிழமை பேசலாம்.)

கணக்குச் சரிவராவிட்டால் இரண்டு மாற்று வழிகளைச் சொல்வார்கள். ஒன்று விடுதி, மற்றது பட்டணத்தில் இருக்கும் உறவினர் வீடு.

விடுதியுள்ள பாடசாலையாயின் நேரிற் போய்ப் பாருங்கள். வாசலில் நட்ட பூங்கன்றுகளைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகள் படுக்கும் அறையையும், குளிக்கும் இடத்தையும், மலசலகூடத்தையும் பாருங்கள். இரவிலே காய்ச்சல் வந்தால் யார் எழும்பி வருவார், வீட்டுக்கு எப்பொழுது பேசலாம் என்று கேளுங்கள். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று; நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்விகளை விரும்புவார். விரும்பாதவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

உறவினர் வீட்டைப் பற்றிப் பேசுவது எனக்கு இலகுவன்று. ஆயினும் பேசாமலிருக்க முடியாது. சின்னம்மா நல்லவர், மாமி நல்லவர். ஆனால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், உங்கள் மகள் எந்த அறையில் எவரோடு படுப்பாள், அந்த அறைக் கதவுக்கு உள்ளே கொண்டி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? படிக்கப் போன பிள்ளை காலையில் முற்றங் கூட்டி, மாலையில் பாத்திரங் கழுவி, கூலியில்லாத வேலைக்காரியாகிவிடுவதையும் நாம் காணாமலில்லை. அதிலுங் கொடியது, நடந்ததைச் சொன்னால் படிப்பு நின்றுவிடுமென்று பயந்து பிள்ளை வாயடைத்துக் கிடப்பது. ஆகையால் போகுமுன்னரே மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எங்களிடம் சொல்லு. உன்னில் கோபிக்க மாட்டோம். படிப்பு எங்கேயும் படிக்கலாம்." இந்த வாக்கைக் கொடுக்கத் தயங்குகிற பெற்றோர் பிள்ளையைத் தூர அனுப்பத் தகுதியுள்ளவர்கள் அல்லர்.

இவ்வளவையும் வாசித்த ஒருவர், "அப்படியானால் சுவாமி பெண்பிள்ளையை வீட்டோடு வைத்திருக்கச் சொல்கிறார்" என்று எண்ணலாம். நான் சொல்வது அதுவன்று. இந்தக் கணக்குகள் எல்லாம் மகனுக்கும் உரியவை. அவனுக்கும் உறக்கம் வேண்டும், அவனுக்கும் ஆபத்து உண்டு. மகனுக்குப் பார்க்காத கணக்கை மகளுக்கு மாத்திரம் பார்ப்பது கணக்கன்று, சாட்டு.

யாழ்ப்பாணத்திலே இந்தச் சாட்டு மிகவும் பழையது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, உணவும் உடையுங் கொடுத்தும் பிள்ளைகளைச் சேர்ப்பது பெரும்பாடாயிருந்தது. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் ஐரோப்பாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். மெதடிஸ்தரின் வேம்படி, 1896இல் சுண்டுக்குளி, 1913இல் சேர். பொன். இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் முதன்முதல் பிள்ளையை அனுப்பிய தகப்பனைப் பார்த்து அயலார், "பெட்டையைப் படிப்பிச்சு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டிருப்பார்கள். அந்தத் தகப்பன்மார் செவிகொடாமற் போனதன் பலனை இன்று நாடு காண்கிறது: இலங்கையின் பல்கலைக்கழகங்களில் படிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

"படிப்புக்குச் செலவழித்தால் சீதனத்துக்கு என்ன செய்வது?" என்று ஒரு தகப்பன் கேட்கலாம். நியாயமான கவலை, ஊர் வழக்கம் அப்படி இருக்கிறது. ஆனால் 2009இல் போர் முடிந்தபின் வட மாகாணத்தில் பெண்களே தலைநின்று நடத்தும் குடும்பங்கள் பல்லாயிரம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுள் எத்தனை பேருக்குச் சீதன வீடு இருந்தது! குண்டு விழுந்த வீட்டுக்குக் கூரை இல்லை. நகை அடகு போயிற்று. கையில் ஒரு படிப்பும் ஒரு தொழிலும் இருந்தவளுக்கு அவை இடம்பெயர்ந்த இடமெல்லாங் கூட வந்தன. மகளுக்கு எதைச் சேர்த்துவைப்பது என்பதை இதையும் வைத்தே தீர்மானியுங்கள்.

ஆகவே பட்டணத்துப் பாடசாலையை எவ்வளவு கூர்மையாய்ப் பார்க்கிறோமோ, அவ்வளவு கூர்மையாய் ஊர்ப் பாடசாலையையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கிட்ட இருப்பது மாத்திரம் அதற்கொரு புகழன்று. நமது நாட்டிலே அரசாங்கப் பாடசாலைகள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உண்டு. 1சி என்றால் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. 2ஆம் வகையில் சாதாரண தரத்தோடு நின்றுவிடும். உங்கள் ஊர்ப் பாடசாலை எந்த வகை என்று உங்களுட் பலருக்குத் தெரியாது என்பதை அறிவேன். அதைக் கேட்டறியுங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா? கடந்த மூன்று ஆண்டுகளில் சாதாரண தரத்தில் எத்தனை பிள்ளைகள் கணிதம் சித்தியடைந்தார்கள்? அதிபரிடம் பணிவாய்க் கேட்டால் சொல்வார். இன்னுமொன்று, தாய்மார் கேட்க வேண்டியது: பெண்பிள்ளைகளுக்குக் கதவும் தண்ணீருமுள்ள மலசலகூடம் இருக்கிறதா? பிள்ளை பெரியவளான பின் மாதத்தில் சில நாள் பாடசாலைக்குப் போகாமல் நிற்பதன் காரணம் பல இடங்களில் இதுவே. பட்டணத்தாயினும் கிராமத்தாயினும் இதைப் பார்க்காமல் பாடசாலை தெரிய வேண்டாம்.

ஊர்ப் பாடசாலையைப் பற்றி வேறொரு வாதமும் நடக்கிறது. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் நமது தீவுப்பகுதிப் பாடசாலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிள்ளைகளின் தொகைக்கேற்பவே ஆசிரியர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஆண்டுதோறும் முதன்மையாய் நிற்கும் நாலைந்து பிள்ளைகள் பட்டணம் போனால் தொகை குறையும்; தொகை குறைய ஆசிரியர் குறைவர்; ஆசிரியர் குறைய இன்னும் நாலு பேர் போவர். இது உண்மை. இதைக் காட்டி, "ஊரை நினைத்துப் பிள்ளையை இங்கேயே விடுங்கள்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களுட் சிலரின் பிள்ளைகள் பட்டணத்திலே படிக்கிறார்கள். ஊர்ப் பாடசாலையைக் காப்பாற்றுங் கடமையைப் பத்து வயதுச் சிறுமியின் தோளில் ஏற்றுவது நீதியன்று. அது வளர்ந்தவர்களின் கடமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு வலயக் கல்விப் பணிமனைக்குச் சேர்ந்து மனுக்கொடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களுக்கு எழுதுங்கள். பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பிய தகப்பனும் இந்தக் கூட்டத்துக்கு வரலாம், வரவேண்டும்.

இனிப் படலையைச் சாத்திய வீட்டைப் பார்ப்போம். பிள்ளை இரண்டு புள்ளியால் தவறிவிட்டாள். தாய் கோவிலுக்கும் வருவதில்லை. பிள்ளை சாப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "இன்னாரைப் பிடித்து இவ்வளவு கொடுத்தால் இடம் எடுக்கலாம்" என்கிறார். நகையை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது.

இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். இடத்துக்காகக் கொடுக்கும் பணம் நன்கொடை என்ற பெயர் தரித்தாலும் இலஞ்சமே. அது நாட்டின் சட்டப்படி குற்றம். நீதிக்கு விரோதமான பாவமுமாம். இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. உங்கள் மகள் பணத்தால் ஏறினால், புள்ளியால் ஏறவேண்டிய இன்னொருத்தி வெளியே நிற்பாள். அவளுடைய தகப்பனுக்கு அடகு வைக்கவும் ஒன்றும் இல்லாதிருக்கும். அதுவுமன்றி, தன்னுடைய இடம் காசு கொடுத்து வாங்கியது என்பதை உங்கள் மகள் அறிவாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் அறிவார்கள். புள்ளியிடுதலில் அல்லது அனுமதியில் தவறு நடந்ததென்று மெய்யாகவே எண்ணினால், அறிவித்தலிற் குறித்த நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அது உங்கள் உரிமை.

பங்குக்குருவின் சிபாரிசுக் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். பெயரிலே கன்னியர் மடம் என்றிருப்பதால் கன்னியர் நினைத்தால் இடந்தரலாம் என்று எண்ணுகிறீர்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நமது பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. அங்கே அனுமதி சுற்றறிக்கைப்படி நடக்கும். என் கடிதத்தின்படி நடக்காது. நற்சான்று கேட்டால் தருவேன். புள்ளி என்னிடம் இல்லை.

தவறிய பிள்ளையின் பெற்றோர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஏனோ அதை எவரும் உரத்துச் சொல்வதில்லை. ஆறாந் தரம் ஒரு வாசல். அது கடைசி வாசலன்று. ஆறு ஆண்டு கழித்து, சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு, உயர்தர வகுப்புக்கு வேறு பாடசாலைக்குப் போகலாம். ஆண்டுதோறும் பிள்ளைகள் போகிறார்கள். விஞ்ஞானப் பிரிவுள்ள பட்டணத்துப் பாடசாலைகள் அவ்வேளை வெளிப்பிள்ளைகளையும் பெறுபேறு பார்த்துச் சேர்க்கின்றன. பத்து வயதில் பஸ்ஸில் தூங்குகிற பிள்ளை பதினாறு பதினேழு வயதில் தன் பையையுந் தன் நேரத்தையுந் தானே பார்த்துக்கொள்வாள். பட்டணத்தில் இடங் கிடைத்தும் கணக்குச் சரிவராமல் ஊரிலே நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும் இந்த வாசல் திறந்தேயிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு, 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அங்கே உங்கள் மகளின் இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் பார்ப்பார்களேயன்றி, ஆறாந் தரத்தில் அவள் எந்தப் பாடசாலைச் சீருடை அணிந்தாள் என்று பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் கணிதமும் விஞ்ஞானமும் ஒழுங்காய்ப் படிப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் உண்டா என்று முன்னே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில், கிட்ட இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை நிறுத்தினால் இரண்டாவது வாசலை நீங்களே பூட்டினவர்களாவீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் பஸ் பயணத்தையும் பொறுத்துக்கொள்ளவே வேண்டும்; ரியூசனைக் குறைத்து உறக்கத்தைக் கூட்டலாம்.

இவ்வளவு ஆலோசனையிலும் இன்னும் கேட்கப்படாத ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைகளைப் படிப்பிக்கும் முதற்பொறுப்பு பெற்றோருடையது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்தது. ஆகையால் தீர்ப்பு உங்களுடையது, பத்து வயதுப் பிள்ளையுடையதன்று. ஆனாலும் அவளைக் கேளுங்கள். "உனக்கு விருப்பமோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டால், "ஓம்" என்பாள், அம்மம்மா பக்கத்தில் இருந்தால் இன்னும் விரைவாய் "ஓம்" என்பாள். தனியே, அடுப்படியிலோ கடற்கரையிலோ வைத்து, எதற்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். கூட்டாளியைப் பிரிவது, பஸ்ஸில் நெரிசல், அங்கே எல்லாரும் தன்னிலுங் கெட்டிக்காரராயிருப்பார்கள் என்ற எண்ணம், இவற்றில் ஏதோ ஒன்று வெளியே வரும். கடைசியாய்ச் சொன்னது சிறிய விடயமன்று. ஊரிலே முதலாம் பிள்ளையாயிருந்தவள் அங்கே முப்பதாம் பிள்ளையாகலாம். முதலாந் தவணை அறிக்கை வரும்போது, "இதற்கோ இவ்வளவு செலவழித்தோம்?" என்று கேட்க மாட்டோம் என்று தாயுந் தகப்பனும் முன்னரே தமக்குள் உடன்பட்டுக்கொள்ளட்டும்.

தீர்மானித்தபின் ஒரு வருடத்துக்கு அதை மாற்ற வேண்டாம். அயலார் சொல்லுக்கும் அளக்க வேண்டாம். வருட முடிவில் பிள்ளையின் உடம்பையும் முகத்தையும் அறிக்கையையும் பார்த்து மறுபடியும் உட்காருங்கள். ஊருக்குத் திரும்பி வருவது தோல்வியன்று. ஊரிலிருந்தவள் பிறகு போவதும் பிந்திப்போனதன்று.

விண்ணப்பப் பத்திரத்தில் பாடசாலைகளின் ஒழுங்கை எழுதுமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாடகைக் காரில் போக வேண்டாம். பாடசாலை நடக்கும் ஒரு நாளில், விடியப்புறம் போகிற அந்தப் பஸ்ஸிலேயே, புத்தகம் நிறைந்த பையை மகளின் தோளிற் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். இருக்க இடங் கிடைக்காவிட்டால் அவளும் நிற்கட்டும், நீங்களும் நில்லுங்கள். பின்னேரம் பாடசாலை விடுகிற நேரத்துப் பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.